ஜூடோ உடை போட்டுப் பழகினவன் கூண்டுக்குள்ள ஜெயிப்பானா?

"டாக்டர், ஜூடோ டிரஸ் போட்டு பிராக்டிஸ் பண்ணா எம்.எம்.ஏ.வுக்கு உதவுமா, இல்ல டைம் வேஸ்ட்டா?"

போடியில கிளினிக் வெச்சிருக்கிற ஆளுக்கு இந்தக் கேள்வி வரும்னு பத்து வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். இப்போ மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்குறாங்க. காலையில ஜீப்பேறி போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போற குடும்பத்துப் பசங்க. சாயங்காலம் மொபைல்ல யு.எஃப்.சி. வீடியோ, ராத்திரி மொட்டை மாடியில மல்லுக்கட்டு. மறுநாள் வீங்கின விரலோட என் முன்னாடி.

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி அலுத்துப்போச்சு. அதனால இந்த நீள த்ரெட். ஏலக்காய் டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல வார்த்தை. எம்.எம்.ஏ.ன்னா மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ். குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு, கழுத்து நெரிப்பு எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை. அரைக்கால் சட்டை மட்டும்தான், ஆம்பளைங்களுக்கு மேல துணி கிடையாது. 'கி' என்பது ஜூடோ, ஜியு-ஜிட்சு காரங்க போடுற தடிமனான வெள்ளைப் பருத்திச் சட்டை, பேன்ட், இடுப்பு பெல்ட். கராத்தே டிரஸ் மாதிரி தெரியும், ஆனா அதைவிட ரொம்ப கனம். ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தாலும் கிழியாத நெசவு. எதிராளியோட காலரையும் கைமடிப்பையும் பிடிச்சுத்தான் அங்க சண்டையே. அப்போ கேள்வி இதுதான்: துணியைப் பிடிச்சே பழகின கை, துணியே இல்லாத சண்டையில என்ன செய்யும்?

போடிக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ஈஸி. ஏலக்காய் குடோன்ல சாக்குமூட்டை தூக்குற அண்ணன்களைப் பார்த்திருப்பீங்க. மூட்டையோட ரெண்டு காதையும் விரலை மடக்கிப் பிடிச்சு ஒரே தூக்கு. அதே எடையை, எண்ணெய் தடவின ஒரு வழுவழு டிரம்முல போட்டுக் குடுத்துப் பாருங்க. விரலுக்கு அங்க வேலையே இல்லை. குனிஞ்சு, ரெண்டு கையையும் சுத்திப் போட்டு, மாரோட அணைச்சுத்தான் தூக்கணும். எடை ஒண்ணுதான், உழைக்கிற தசைதான் வேற. முதல் பிடி கி. ரெண்டாவது பிடி எம்.எம்.ஏ.

ரெண்டாவது பிடிக்கு நம்ம மாவட்டத்துலயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டுல மாடு பிடிக்கிற பையனைப் பாருங்க. கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, கயிறு கிடையாது. திமிலை அணைச்சு, காதை மாட்டோட உடம்புல ஒட்டிவெச்சு, இடுப்பைக் கிட்டக் கொண்டுபோய்த் தொங்கணும். துணி இல்லாத மல்யுத்தத்தில் பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துறதும் இதையேதான்: இடைவெளி விடாதே, தலையை ஒட்டு, இடுப்பைக் கிட்ட கொண்டுவா.

நம்ம பழைய மற்போரும் துணியில்லாததுதான். புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு குஸ்தியை நேர்ல பார்த்த மாதிரி பாடி வெச்சிருக்கார். சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதுறான். ஒரு கால் மல்லனோட மார்பை அழுத்துது, இன்னொரு கால் அவன் முயற்சியைத் தடுத்துப் பின்பக்கம் வளைக்குது.  பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்'னு பட்டம் வெச்சுக்கிட்டதும், அந்தப் பேர்ல மாமல்லபுரம் இருக்கிறதும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

வடக்கே குஸ்தி கோதாவில் இன்னொரு ரகசியம் உண்டு. பயில்வான் லங்கோடு மட்டும் கட்டியிருப்பார், பிடிக்கத் துணி இல்லை. ஆனா கோதா மண்ணை அள்ளி எதிராளி மேலயும் தன் மேலயும் பூசிக்குவாங்க. வியர்வை வழுக்காம இருக்கத்தான். ஜப்பான்ல பருத்தி செய்த வேலையை இங்க மண்ணு செஞ்சுது.

துணியை வெச்சு ஒரு கல்வி முறையே கட்டினவர் கானோ ஜிகோரோ. 1882ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயில் இடத்துல கோடோகன் பள்ளியை ஆரம்பிச்சார். பள்ளிக்கூட வாத்தியார் மனசு அவருக்கு. பழைய ஜியு-ஜிட்சு வித்தைகள்ல உயிருக்கு ஆபத்தானதைத் தள்ளிவெச்சு, முழு பலத்தோட தினமும் பழகக்கூடியதை எடுத்துக்கிட்டார். இதுல உடைக்கு ஒரு பங்கு இருக்கு, அதைப் பலபேர் கவனிக்கிறதில்லை. ஜூடோவில் ஒருத்தரைத் தூக்கிப் போடும்போது, போடுறவர் அவர் கைமடிப்பை விடமாட்டார். கடைசி நொடியில அதை லேசா மேல இழுப்பார். விழுறவர் தலை தரையில மோதாம, பக்கவாட்டில் உருண்டு விழுவார். அந்தத் துணி ஆயுதம் மட்டுமில்லை, சீட் பெல்ட்டும் கூட. மருத்துவனா எனக்கு கி மேல மரியாதை வர முதல் காரணம் இதுதான்.

இந்த உடை இந்தியாவுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. ராணுவம் கொண்டுவரலை, போலீஸ் கொண்டுவரலை. ஒரு கவிஞர் கொண்டுவந்தார். 1905 வாக்கில் தாகூர் சாந்திநிகேதனுக்கு சானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானிய ஆசிரியரை வரவழைச்சார். பிறகு 1929ல் தாககாகி ஷின்சோ வந்தார். அங்க பெண் பிள்ளைகளும் ஜூடோ பழகினாங்க. 1929ல், நம்ம ஊர்ல பெண் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பவே யோசிச்ச காலத்துல!

சரி, பிரேசிலுக்குப் போவோம். கோடோகன் மாணவர் மயேதா மித்சுயோ உலகம் பூரா குஸ்தி போட்டுக்கிட்டே 1914ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவர்கிட்ட கத்துக்கிட்ட கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி எலியோவும் குடும்பத் தொழிலாவே அதை மாத்தினாங்க. அதுதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. 1951 அக்டோபர்ல ரியோவின் மரக்கானா ஸ்டேடியத்துல எலியோ கிரேசி, ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோவோடு மோதினார். ரெண்டு பேரும் உடை போட்டுத்தான். கிமுரா அவர் மணிக்கட்டைப் பிடிச்சு, தன் ரெண்டு கையையும் பின்னி, தோளை முறுக்கிப் பூட்டினார். எலும்பு போச்சு. எலியோ விட்டுக்குடுக்கலை, மூலையிலிருந்துதான் துண்டு விழுந்துச்சு. ஜெயிச்சவர் பேரையே பூட்டுக்கு வெச்சுட்டாங்க. இன்னிக்கும் அது 'கிமுரா'தான்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. கிமுரா பூட்டுக்குத் துணி தேவையா? இல்லை. மணிக்கட்டு போதும். உடை போட்டு நடந்த சண்டையில பேர் வாங்கின பூட்டு, உடையே இல்லாத கூண்டுல இன்னிக்கும் கை முறிக்குது. இந்த முடிச்சைக் கையில வெச்சுக்குங்க, மிச்சத்தை இதை வெச்சுத்தான் அவிழ்க்கப் போறோம்.

1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர். முதல் யு.எஃப்.சி. எட்டு பேர், ஒரே ராத்திரி. எலியோவின் மகன் ஹாய்ஸ் கிரேசி வெள்ளை கி போட்டு வந்தார். ஒல்லியான ஆள். ஒரு குத்துச்சண்டை வீரர், ஒரு மல்யுத்த வீரர், ஒரு உதைச்சண்டை வீரர்னு மூணு பேரையும் மண்ணைக் கவ்வ வெச்சார். ரெண்டாவது, நாலாவது போட்டித் தொடரும் அவருக்கே. உலகமே அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தது. ஜியு-ஜிட்சு உடை விற்பனை எகிறினதுக்கு அந்த ராத்திரிதான் ஆரம்பம்னு சொல்லலாம்.

ஆனா எல்லோரும் கவனிக்கத் தவறினது ஒண்ணு இருக்கு. அந்த ராத்திரி ஹாய்ஸோட எதிராளிங்க யாரும் மேல சட்டை போடலை! அவர் பிடிக்க எதிர்ல காலரே இல்லை. ஷாம்ராக்கையும் கோர்டோவையும் அவர் வீழ்த்தினது முதுகுப் பக்கம் போய்க் கையால கழுத்தை நெரிச்சு. அடுத்த வருஷம் டான் செவர்ன்கிற மலை மாதிரி மல்யுத்த வீரரைப் பணிய வெச்சது காலால முக்கோணம் போட்டு. ரெண்டுக்குமே எதிராளியோட துணி வேண்டாம். முதுகுப் பக்க நெரிப்புக்கு ஜூடோவில் பேரே 'ஹடாகா ஜிமே'. ஹடாகான்னா நிர்வாணம், வெற்றுடம்பு. காலர் இல்லாம நெரிக்கிறதுன்னு அர்த்தம். கி உலகத்துக்குள்ளயே கி இல்லாத பாடம் நூறு வருஷத்துக்கு மேல உட்கார்ந்திருக்கு.

அப்போ ஹாய்ஸ் போட்ட கி அவருக்கு என்ன பண்ணுச்சு? வியர்வையில வழுக்காம எதிராளி மேல ஒட்டிக்க உதவுச்சு. அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு பெரிய ஆபத்தும் அதுல இருந்துச்சு. அது வெளிய வர ஏழு வருஷம் ஆச்சு.

2000 மே 1, டோக்கியோ டோம். ஹாய்ஸ் கிரேசிக்கு எதிரா சகுராபா கசுஷி. சகுராபா மல்யுத்தக்காரர், வெறும் டிரங்க்ஸ். 15 நிமிஷ ரவுண்டு ஆறு. மொத்தம் 90 நிமிஷம் நடந்த அந்தச் சண்டையில சகுராபா என்ன பண்ணார் தெரியுமா? ஹாய்ஸோட சட்டையையே கைப்பிடியா பிடிச்சார். சட்டையைத் தலைக்கு மேல இழுத்தார், பேன்ட்டைக் கூட இழுத்தார், கூட்டம் சிரிச்சுது. சகுராபா மேல பிடிக்க ஹாய்ஸுக்கு ஒண்ணும் இல்லை, ஹாய்ஸ் மேல சகுராபாவுக்கு உடம்பு பூரா கைப்பிடி. கடைசியில கிரேசி தரப்பு துண்டை வீசிச்சு. சண்டையில நீங்க போடுற துணி எதிராளிக்கு நீங்களே குடுக்கிற மூட்டைக் காது. அந்த 90 நிமிஷத்துல இது உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு.

கொஞ்ச நாள்ல விதியே மாறிடுச்சு. 2000-2001ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில உருவான பொது விதிகள் பரவினதும் கூண்டுக்குள்ள கி போக முடியாமப் போச்சு. எதிராளியோட அரைக்கால் சட்டையையோ கையுறையையோ பிடிச்சாலும் ஃபவுல். ஆக, துணிப் பிடிங்கிறதே சட்டவிரோதம். 2006 மேயில் ஹாய்ஸ் உடையில்லாம மேட் ஹியூஸ் என்ற மல்யுத்தக்காரரோடு இறங்கினார், முதல் ரவுண்டுலயே தோத்தார். அவருக்கு அப்போ 39 வயசு, அதையும் சொல்லிடணும். வயசையும் சட்டையையும் பிரிச்சுப் பார்க்காம "கி செத்துப்போச்சு"ன்னு எழுதினவங்க அவசரக்குடுக்கைங்க.

கி வேண்டாம்னு சொல்ற கட்சிக்கு 2003லயே ஒரு ஹீரோ கிடைச்சாச்சு. அபுதாபி ஆரம்பிச்ச ஏ.டி.சி.சி.ங்கிற உடையில்லா மல்யுத்தப் போட்டி அந்த வருஷம் சாவோ பாலோவில் நடந்துச்சு. எடி பிராவோன்னு பெருசா பேர் தெரியாத ஒரு அமெரிக்கர், ஹாய்லர் கிரேசியை முக்கோண நெரிப்புல பணிய வெச்சார். கிரேசி குடும்பத்தை அவங்க வீட்டு வித்தையிலயே! திரும்பி வந்து, கி இல்லாமயே ஜியு-ஜிட்சு சொல்லித்தர ஒரு பள்ளி தொடங்கினார். அவர் வாதம் எளிமையானது: கூண்டுல காலர் இல்லைன்னா காலர் பிடிக்கிறதை எதுக்கு வருஷக்கணக்கா படிக்கணும்?

நியாயமான கேள்விதான். ஆனா ரஷ்யப் பக்கம் திரும்பினா கணக்கு இடிக்குது.

கோடோகன்ல கறுப்பு பெல்ட் வாங்கின வசிலி ஓஷெப்கோவ் என்ற ரஷ்யர் ஜூடோவை சோவியத்துக்குக் கொண்டுபோனார். அதுல உள்ளூர் குஸ்திகளைக் கலந்து உருவானதுதான் சாம்போ. ஜப்பான் உளவாளின்னு பழி போட்டு 1937ல் அவரைப் பிடிச்சாங்க, சிறையிலயே செத்துப்போனார். அடுத்த வருஷம் சாம்போவை அரசாங்க விளையாட்டா அறிவிச்சாங்க. சரித்திரம் சிலசமயம் இப்படித்தான், வித்தையை வெச்சுக்கிட்டு வாத்தியாரைக் கொன்னுடும்.

சாம்போ உடையைப் பாருங்க: மேல கோட்டு மாதிரி சட்டை, கீழ வெறும் அரைக்கால் சட்டை. அதாவது பாதி கி. காலைப் பிடிக்கலாம், காலைப் பூட்டலாம். இந்தப் பட்டறையிலிருந்து வந்தவங்கதான் ஃபெடோர் எமெலியானென்கோ, கபீப் நுர்மகொமெதோவ், இஸ்லாம் மகசேவ். கபீப் 29 சண்டை, 29 வெற்றி, 2020ல் ஓய்வு. அவர் எதிராளியைத் தரையில போட்டதும் என்ன பண்ணுவார்னு வீடியோ பாருங்க. தன் காலால அவர் காலைச் சுத்திக் கட்டுவார். அவர் மணிக்கட்டை முதுகுப் பக்கம் சிறைபிடிப்பார். கைமடிப்புக்குப் பதிலா மணிக்கட்டு. துணியில பழகின யோசனை உடம்புக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

ரோண்டா ரவுசியும் இதே கதை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம். கூண்டுக்கு வந்ததும் காலர் பிடிக்க வேண்டிய கை எதிராளியோட தலையைச் சுத்திப் பிடிச்சுது, இடுப்பு வீச்சு அதேதான். யு.எஃப்.சி.யில அதிக தடவை பூட்டு-நெரிப்புல ஜெயிச்ச சார்ல்ஸ் ஒலிவேரா, கி போட்டு வளர்ந்த பிரேசில் பிள்ளை.

நம்ம நாட்டு அனுபவம் இன்னும் பேசும். இந்திய வம்சாவளி கனடாக்காரர் அர்ஜன் புல்லர் 2021ல் ஒன் சாம்பியன்ஷிப் ஹெவிவெயிட் பட்டம் ஜெயிச்சார். அவர் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தக்காரர், 2010 டெல்லி காமன்வெல்த்துல தங்கம் வாங்கினவர். கி பின்புலம் இல்லாமலே உச்சிக்குப் போகலாம்னு அவர் சாட்சி. அதே வருஷம் டிசம்பர்ல ரிது போகட் அதே நிறுவனத்தோட பெண்கள் கிராண்ட் ப்ரீ இறுதிக்கு வந்தார். எதிர்ல தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், உதைச்சண்டையில வளர்ந்தவர். மல்யுத்தத்துல ரிதுதான் மேல. ஆனா ரெண்டாவது ரவுண்டுல ஸ்டாம்ப் கீழேயிருந்து அவர் முழங்கையைப் பூட்டிட்டார். ரிதுவுக்கு பலம் குறையலை. எதிராளியைக் கீழ போட்டாலே பாதி ஜெயிச்ச மாதிரின்னு குஸ்தி சொல்லித்தருது. கீழே கிடக்கிறவளும் கையை உடைக்கலாம்னு ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும் சொல்லித்தருது.

2018 ஆசிய விளையாட்டுல நம்ம பிங்கி பல்ஹாராவும் மலபிரபா ஜாதவும் குராஷ் என்ற உஸ்பெகிஸ்தான் குஸ்தியில வெள்ளியும் வெண்கலமும் வாங்கினாங்க. குராஷிலயும் கோட்டு உண்டு. ஜூடோவிலிருந்து போனவங்க அவங்க. ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்கு வித்தை சட்டுனு தாவுது. துணியிலிருந்து வெற்றுடம்புக்குத் தாவத்தான் தனியா உழைக்கணும்.

இப்போ மருத்துவனா பேசுறேன். உடம்பு எதைச் செய்யுதோ அதுலதான் தேறும், இது உடற்பயிற்சி அறிவியலோட பால பாடம். கி பயிற்சியில முன்னங்கைத் தசையும் விரல் மடக்குற தசைநாண்களும் அசையாமப் பிடிச்சு நிக்கப் பழகும். ஜூடோ வீரர்களை சோதிக்கிறப்போ கம்பியில கி-யைத் தொங்கவிட்டு, அதைப் பிடிச்சு எவ்வளவு நேரம் தொங்குறாங்கன்னு பார்க்கிற வழக்கம் உண்டு. அந்த பலம் கூண்டுல முழுசா செல்லுபடி ஆகாது. அங்க தேவை அணைக்கிற தோள், முதுகு, உள்தொடை, உள்ளங்கையோட உள்ளங்கை கோர்த்த பிடி.

கெடுதல் பழக்கமும் ஒண்ணு ஒட்டும். ரெண்டு கையாலயும் கைமடிப்பைப் பிடிச்சுக்கிட்டு மல்லாந்து கிடக்கிறது கி-யில பாதுகாப்பான நிலை. கூண்டுல அப்படிக் கிடந்தா முகத்துல குத்து விழும். ஜூடோக்காரங்களுக்கு இன்னொரு ஓட்டை: 2010ல் கட்டுப்பாடு தொடங்கி 2013ல் காலைப் பிடிக்கிறதையே போட்டியில முழுசா தடை பண்ணிட்டாங்க. அதுக்குப் பிறகு பழகின பையனுக்குத் தன் காலை யாராவது பிடிக்க வருவாங்கன்னே தோணாது. கூண்டுல முதல் தாக்குதலே காலுக்குத்தான்.

அப்போ லாபம்? உராய்வு. கி போட்டிருந்தா வழுக்கி நழுவித் தப்பிக்க முடியாது. இடுப்பை எந்தப் பக்கம் திருப்பணும், எந்த முழங்கையை முதல்ல உள்ள கொண்டு வரணும்னு யோசிச்சுத்தான் வெளிய வரணும். ஆட்டம் மெதுவாகும், மெதுவானா மூளை கத்துக்கும். வியர்வையில நழுவித் தப்பிச்சவன் தான் தப்பிச்சதா நினைச்சுப்பான். உண்மையில அவனைத் தப்பிக்க வெச்சது வியர்வை.

என் தீர்ப்பு கேட்டா: ஆரம்பிக்கிற பிள்ளைக்கு முதல் ரெண்டு மூணு வருஷம் கி நல்லது. விழக் கத்துக்குவான், பொறுமை வரும். கூடவே வாரத்துல பாதி நாள் சட்டையைக் கழட்டிட்டும் பழகணும். சண்டை தேதி குறிச்சாச்சுன்னா கி பெட்டிக்குள்ள போயிடணும். அப்போ போய் காலர் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது, நீச்சல் போட்டிக்கு சைக்கிள் மிதிச்சுத் தயாராகிற கதை.

வீட்டுக் கணக்கும் இருக்கு. ஜூடோ ஒலிம்பிக் விளையாட்டு, நம்ம பள்ளிக் கல்வித்துறை போட்டிகளிலும் இருக்கு. எம்.எம்.ஏ. ஒலிம்பிக்ல இல்லை. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. எந்த விளையாட்டு, எந்த மட்டத்து பதக்கம்னு அரசாணையை வாங்கிப் படிங்க. தோட்டத்துல காய் எடுத்து மகனை வளர்க்கிற அம்மாவுக்கு நான் சொல்றது இதுதான்: தேனிக்கோ மதுரைக்கோ அனுப்பிப் பழக்கணும்னா, கி போட்ட வித்தையில ஒரு சர்டிபிகேட்டாவது மிஞ்சும்.

பார்வை குறைஞ்ச பிள்ளைகள் இருந்தாலும் யோசிங்க. பார்வையற்றோர் ஜூடோவில் ரெண்டு பேரும் ஒருத்தர் உடையை ஒருத்தர் பிடிச்ச நிலையிலதான் ஆட்டமே தொடங்கும். துணி வழியா எதிராளியோட எடை எங்க சாயுதுன்னு கை படிச்சுக்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல கபில் பர்மார் வெண்கலம் வாங்கினார். ஜூடோவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பாராலிம்பிக் பதக்கம்.

இப்போ உடம்புக் கதை. மேல மலையில மழைக்காலம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். தடிமனான கி காயவே காயாது. ஏலக்காய் ஸ்டோர்ல கொண்டுபோய்க் காயப்போட்டா முதலாளி வெரட்டுவார். ஈரத்தோட மறுபடி போட்டா படர்தாமரை வரும். மெடிக்கல்ல போய் "அரிப்புக்கு ஒரு கிரீம்" கேட்டு, ஸ்டீராய்டு கலந்த டியூபைத் தடவாதீங்க. ரெண்டு நாள் அடங்கும், பிறகு மடங்கா பரவும். வழக்கமான மருந்துக்கு அடங்காத பூஞ்சை நம்ம நாட்டுல பரவினதுக்கு இந்த டியூபுக்கும் பங்கு உண்டு. ஒரு கி போதாது, ரெண்டு வேணும். ரெண்டு வாங்க முடியலைன்னா துணியில்லாம பழகுங்க.

கழுத்து நெரிப்பு. ரெண்டு பக்க கரோட்டிட் ரத்தக்குழாயும் அழுந்தினா 10 நொடி அளவுல நினைவு தப்பும். காலரால நெரிக்கும்போது அதுக்கு ரொம்ப பலமே வேண்டாம், அதுதான் பயம். அரிதா குழாயோட உள்சுவர் கிழிஞ்சு இளம் வயசுலயே பக்கவாதம் வந்ததும் மருத்துவப் பதிவுகள்ல இருக்கு. பயிற்சியாளர் இல்லாம மொட்டை மாடியில இதைச் செய்யவே கூடாது. தட்டினா அந்த நொடியே விடணும். நெரிச்ச பிறகு ஒரு பக்கத் தலைவலி, கழுத்து வலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எது இருந்தாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரி.

கடைசியா விரல். ஒரு பையன் வந்தான். குடோன்ல மூட்டை தூக்குறவன், சாயங்காலம் பழைய ஜூடோ கோட்டு ஒண்ணை வெச்சு நண்பர்களோட பழகுறவன். எதிராளி காலரைப் பிடிச்சிருக்கான், அவன் திமிறி இழுத்திருக்கான், மோதிர விரல்ல 'டப்'னு ஒரு சத்தம். சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவி கட்டு கட்டியிருக்காங்க. என்கிட்ட வந்தப்போ அஞ்சு வாரம் ஆகியிருந்துச்சு. வீக்கம் வத்திருச்சு, வலியும் இல்லை. ஆனா விரல் நுனி மடங்கலை. 'ஜெர்ஸி ஃபிங்கர்'னு இதுக்குப் பேரு. ரக்பி ஆட்டத்துல எதிராளி பனியனைப் பிடிக்கும்போது வரும், அதனால அந்தப் பேரு. நுனியை மடக்குற தசைநாண் எலும்பிலிருந்து பிய்ஞ்சு உள்ளங்கைக்குள்ள சுருண்டு போயிடும். எக்ஸ்-ரேயில பலசமயம் ஒண்ணும் தெரியாது. பத்து நாளுக்குள்ள வந்திருந்தா இழுத்துத் தைக்கிற வாய்ப்பு நல்லாவே இருந்திருக்கும். அஞ்சு வாரத்துக்கு அப்புறம் அது பெரிய ஆபரேஷன், பலனும் உறுதியில்லை. அவன் வேண்டாம்னுட்டான். இப்போ சாக்குக் காதை மூணு விரல்லதான் பிடிக்கிறான். கூலி குறையலை, ஆனா மதியத்துக்கு மேல கை வலிக்குதுங்கிறான்.

அதனால யாருக்காவது பிடிச்சு இழுக்கும்போது விரல்ல சத்தம் கேட்டுச்சுன்னா, வீட்லயே பாருங்க. அடிபட்ட விரலோட நடு எலும்பை இன்னொரு கையால அசையாம பிடிச்சுக்குங்க. நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்க. மடங்கலைன்னா நீவாதீங்க, கட்டு கட்டாதீங்க. அன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்டயோ கை அறுவை நிபுணர்கிட்டயோ போங்க.